மூலை வீட்டின் விலை

காரைக்காலில் அந்த நூற்பாலையை மூடியபோது, தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் பதினெட்டு வீடுகள். ஏழாவது வீடு காசியம்மாவுக்கு. புருஷன் செத்த பிறகு ஆலையில் நூல் சுற்றியே மகள் எழில்மதியைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள். தன் பெயரில் ஒரு பத்திரம் இருப்பதை நினைத்தாலே அவளுக்கு முதுகு நிமிரும்.

பல வருஷம் அந்தத் தெருவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருநள்ளாற்றுக்கு வரும் கூட்டம் பெருகி, விடுதிகள் காரைக்கால் வரைக்கும் நீண்டபோதுதான் தரகன் ஆதவன் பைக்கில் வந்து நின்றான். ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்து லட்சம் என்றான்.

மூலை வீட்டு அம்பலவாணன் ஆலைச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டினார்.

"தனித்தனியா வித்தா நம்மள நசுக்கிப்புடுவானுங்க. வித்தா பதினெட்டும் சேந்து விக்கணும். சம்மதம்னா கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். அடுத்த வாரம் ஆதவன் காசியம்மாவிடம் இருபது தருவதாகச் சொன்னான்.

"தெருவே பேசி முடிவு பண்ணியிருக்கோம் தம்பி. நான் மட்டும் தர மாட்டேன்" என்று அனுப்பிவிட்டாள்.

ஆவணி மாதம் ஒருநாள் மூலை வீட்டு வாசலில் லாரி நின்றது. அம்பலவாணனின் மனைவி யார் முகத்தையும் பார்க்காமல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் முந்தின நாளே கோட்டுச்சேரிக்குப் போய்விட்டார். தெரு வாய் அவர் வீட்டை ஒட்டி இருந்ததால் நாற்பது லட்சம் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது.

ஒரு வருஷத்துக்குள் அங்கே நான்கு மாடி விடுதி எழுந்தது. சுற்றுலா பஸ்கள் தெரு வாயை அடைத்து நின்றன. கழிவுநீர் வாசல்களில் தேங்கியது. வருகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பெண்களால் வெளியே நிற்க முடியவில்லை. ஆட்டோ கூட நுழையாத தெருவுக்கு என்ன விலை கிடைக்கும்? முதலில் விற்றவர்களுக்குப் பன்னிரண்டு, பின்னால் பத்து. காசியம்மாவுக்கு எட்டு என்றான் ஆதவன்.

அவள் பஸ் ஏறி கோட்டுச்சேரிக்குப் போனாள். புது வீடு. சுவரில் அம்பலவாணன் மகளின் கல்யாணப் படம்.

"வா தங்கச்சி, உக்காரு."

"ஒண்ணு கேட்டுட்டுப் போறேண்ணே. நீங்கதான எங்கள கை தூக்கச் சொன்னீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு பிரான்ஸ் மாப்புள்ள அமைஞ்சிச்சு. ரெண்டு மாசத்துல கல்யாணம்னாங்க. பதினெட்டு பேரும் ஒத்து வர்ற வரைக்கும் அவங்க காத்திருப்பாங்களா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டோம்."

"அதான் சொல்லல."

அவள் எழுந்தாள். அவர் வாசல் வரை வந்தார். "ஆதவன்கிட்ட சொல்றேன். உனக்கு ஒண்ணு கூட்டிக் குடுப்பான்."

"வேணாம்ணே. உங்க தயவுல எனக்கு ஒண்ணும் வேணாம்."

அடுத்த மழைக்குச் சாக்கடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எட்டுக்கே விற்றுவிடச் சம்மதித்தாள். பத்திரப் பதிவன்று ஆதவன் ஒன்பது லட்சம் கொடுத்தான். "அண்ணன் ரொம்பச் சொன்னாரு" என்றான். காசியம்மா அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். கை நீளவில்லை. பையில் போட்டுக்கொண்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்தப் பணத்துக்கு ஊருக்குள் கழிப்பறை வைத்த ஓர் அறை கூடக் கிடைக்கவில்லை. கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. நல்ல சிமெண்ட் வீடு, கொல்லையில் முருங்கை. குடிபோன மறுநாள் கொடியில் காயப்போட்ட வெள்ளைப் புடவை சாம்பல் நிறமானபோது, ஏன் அவ்வளவு மலிவு என்று புரிந்தது. துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரியின் தூசு.

தை மாதம் எழில்மதி சுரக்குடியிலிருந்து குழந்தையோடு வந்தாள். ஒரு வாரம் இருப்பதாகத்தான் வந்தாள். மூன்றாம் நாள் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை.

"நீ அங்க வந்து பாத்துக்கம்மா. இனிமே புள்ளைய இங்க கூட்டியார முடியாது" என்றாள் மகள்.

காசியம்மா சரி என்றாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து, குழந்தை தவழ்ந்த தரையைத் துடைத்தாள். வாளித் தண்ணீர் கறுத்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி துடைத்தாள்.