சியெஸ்தாவில் கைதட்டியவள்

1

இது கட்டுரையாகப் பிறந்த கதை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ‘சியெஸ்தா’ என்ற சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரத்துக்கு இங்கே பராகுவேயில் அதுதான் பெயர், தூங்கினாலும் தூங்காவிட்டாலும். (‘பராகுவே வெயிலில் பிறந்த சொல்’ என்று தொடங்கினேன். பொய். அடித்துவிட்டேன்.)

2

எதிர் வீட்டு நிமியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு சியெஸ்தாவில் அவள் வாசலில் யாரோ கைதட்டினார்கள். எங்கள் ஊரில் கதவைத் தட்டுவதில்லை, கேட்டருகே நின்று கைதட்டுவோம். ஆனால் சியெஸ்தாவில் யாரும் வர மாட்டார்கள். வந்தால் அது ஜாசி ஜாதெரே, பிள்ளை பிடிக்கிற மஞ்சள்முடிக் குட்டிச்சாத்தான். பதில் கொடுக்கக் கூடாது. நிமியா சிலுவை போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சத்தம் மெதுவாகி, நின்றது.

வெயில் தாழ்ந்து கேட்டைத் திறந்தால், பக்கத்து வீட்டு கிறிஸ்பினா நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து கிடக்கிறாள். உயிர் இல்லை. வெயிலில் மயங்கி விழுந்தாள் என்றது தெரு. கைதட்டலைப் பற்றி நிமியா மூச்சே விடவில்லை.

3

எப்படியும் கிறிஸ்பினா பிழைத்திருக்க

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

அடக்கம் முடிந்த மாலை, பேச்சை மாற்றலாம் என்று என் கட்டுரையை எடுத்துவிட்டேன். நிமியா தெரெரே என்ற குளிர்ந்த இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“சியெஸ்தா பழைய ரோமாபுரிச் சொல்லு நிமியா. விடிஞ்சதுலேருந்து எண்ணினா ஆறாவது மணி. அந்த ‘ஆறாவது’தான் தேஞ்சு இப்படி ஆயிடுச்சு.”

“அப்ப பேயி?”

“அந்தச் சொல்லுல பேயும் இல்ல, தூக்கமும் இல்ல. வெறும் எண்ணு.”

கிண்ணம் அவள் வாயருகே நின்றுவிட்டது.

“எண்ணா? ஒரு எண்ணுக்காகவாய்யா நான் கேட்டைத் திறக்கல?”

கைதட்டல் கேட்டும் அவள் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

4

மறுநாள் கிறிஸ்பினாவின் மகள் சுனில்டா புவெனஸ் ஐரிஸிலிருந்து வந்து சேர்ந்தாள்.

முடிவு ஒன்று: நிமியா அவள் காலில் விழுந்து அழுகிறாள். (எழுதிப் பார்த்தேன். நாடகம்.)

முடிவு இரண்டு: நிமியா ஊரைவிட்டே (வேண்டாம்.)

நடந்தது இவ்வளவுதான்.

“அத்தை, அம்மா கடைசியா யாரையாவது கூப்பிட்டாங்களா?”

நிமியா வாயைத் திறப்பதற்குள் சுனில்டாவே தொடர்ந்தாள்.

“கூப்பிட்டிருக்க மாட்டாங்க. செத்தாலும் சியெஸ்தாவுல அடுத்தவங்களை எழுப்பாதவங்க. அத நெனச்சுதான் மனசத் தேத்திக்கறேன். அப்படித்தானே அத்தை?”

நிமியா தலையாட்டினால் போதும். ஆட்டினாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆட்டவில்லை என்று எழுதவும் வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சுனில்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.