கந்தப்பன் வீட்டு வண்டி

முன் சக்கரங்கள் இரண்டும் கேட்டுக்குள் இறங்கிய அந்த நொடியில் வண்டி நின்றுபோனது. இருமவில்லை, குலுங்கவில்லை, புகை கக்கவில்லை. உள்ளே எங்கோ ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. கிருபா சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் சர்ரென்று சுற்றியது. பம்ப்செட் கம்பெனியில் எட்டு வருஷமாகத் தரப் பரிசோதனை பார்ப்பவள் அவள். பளு இல்லாமல் வெறுமனே சுற்றுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே பெல்ட் அறுந்துவிட்டது. மெக்கானிக் குத்தூஸ் பாய் சொன்ன அதே பெல்ட்.

“என்ன கண்ணு, நின்னுபோச்சு?” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த பழனியாத்தாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்று சொன்னாளே தவிர, கிருபாவுக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த இடம் இது. இன்னும் நாற்பது அடி ஓடியிருந்தால் போதும். போர்ட்டிகோவுக்கு முன்னால் வட்டம் அடித்துத் திருப்பி, அம்மா பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, வெளியே வருகிற தோட்டத்துக்காரர் கந்தப்பனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள். “ஏனுங்க, எங்கியாச்சும் அவசரமாப் போகோணும்னா சொல்லியனுப்புங்க. எங்ககிட்ட வண்டி இருக்குதுங்க.” திட்டில்லை, சாபமில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ நாள் பஸ்ஸில் உட்கார்ந்து உதடசையாமல் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் ‘ங்க’ போட்டால் எந்த இடத்தில் குத்தும் என்பது வரைக்கும் அவளுக்குக் கணக்கு இருந்தது.

அவளுடைய அப்பா சென்னியப்பன் இந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் தண்ணி கட்டினவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வாய்க்கால் மடையைத் திருப்பும்போது கண்ணாடி விரியன் கொத்தியது. அம்மாவும் கிருபாவும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றது இதே வாசலில்தான். போர்ட்டிகோவில் முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கிய புது வண்டி, சீட்டில் பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல், பளபளவென்று நின்றது. கந்தப்பன் வெளியே வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“இல்லேன்னு சொல்லலே கண்ணு. புது வண்டி பாரு. இன்னும் குலசாமி முன்னால கொண்டுபோய் நிறுத்தலே. மொதச் சவாரியே இப்படி ஆகக்கூடாதில்ல? இரு, சூலூர் ஆட்டோவுக்குப் போன் போடறேன்.”

குரல் உயரவில்லை. முகம் சுளிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்வதற்குக் கூட ஒரு மரியாதை உண்டு. கழுத்தை அறுத்தாலும் கண்ணு, அம்மணி என்று சொல்லித்தான் அறுப்பார்கள். ஆட்டோ வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் அப்பாவின் கால் வீங்குவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் கிருபா அந்த வண்டியின் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒண்டிப்புதூர் தாண்டும்போது அப்பாவின் தலை அம்மாவின் மடியில் சாய்ந்தது. அப்பாவைப் புதைத்துவிட்டு ஊர் திரும்பிய சாயங்காலம், வண்டி மாலையும் சந்தனமுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். கிருபாவும்தான் ஒதுங்கினாள்.

அந்த நம்பரை மூன்று வாரத்துக்கு முன்னால் சிங்காநல்லூரில் ரவிக்குமாரின் பழைய கார் கடையில் பார்த்ததும் நேராக உள்ளே போய் விலை கேட்டாள். “ஒரே ஓனருங்க. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பாங்க. மத்த நாளெல்லாம் போர்வை போத்தித் தூங்கின வண்டி” என்று அவன் பாட்டுக்கு அடுக்கினான். கந்தப்பன் தன் கைப்பட எழுதிய நோட்டு ஒன்றும் வண்டியோடு வந்தது. எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எத்தனை கிலோமீட்டரில் டயரைத் திருப்பிப் போட்டது, எந்த ஆயுத பூஜைக்கு பாலிஷ் அடித்தது எல்லாம் அதில் இருந்தது. ஒரு உயிருக்குக் கொடுக்காத வண்டியை இத்தனை பதவிசாக வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது கிருபாவுக்கு வயிறு எரிந்தது. வேண்டாம், இந்தக் காசுக்குச் சின்னதாகப் புது வண்டியே எடுக்கலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். புது வண்டியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவளுக்கு இது வேண்டும்.

குத்தூஸ் பாயின் பட்டறையில் வண்டியை விட்டாள். அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெரிய மனுசன் நல்லாத்தான் வெச்சிருக்கறாரு அம்மணி. ஆனா எல்லாத்துக்கும் கிலோமீட்டர் கணக்குதான் எழுதியிருக்கறாரு. டைமிங் பெல்ட்டுக்கு அது மட்டும் பத்தாது, வருசக் கணக்கும் பாக்கோணும். ஒம்பது வருசத்து ரப்பர். ஓடினாலும் தேயும், சும்மா நின்னாலும் வெடிப்பு உடும். இது அறுந்தா இன்ஜின் உள்ள வால்வெல்லாம் கோணிப்போகும். ரெண்டு நாள் குடுங்க, மாத்தித் தாரேன்.”

“திங்கக்கெழமை கொண்டாரேன் பாய்.”

“அதுவரைக்கும் எடுக்காதீங்க.”

எடுக்காமல் எப்படி? கந்தப்பன் மகன் சபரீஷின் கோயம்புத்தூர் புது ஃபிளாட்டுக்கே நிரந்தரமாகக் குடி போகிறார், ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைப் பூட்டிச் சாவியைக் குத்தகைக்காரனிடம் கொடுக்கிறார் என்று ஊரிலிருந்து செய்தி வந்திருந்தது. அப்புறம் அந்த வாசலுக்குப் போய் யாரிடம் என்ன சொல்வது? பம்ப்பில் நூலளவு தேய்மானம் இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள், தன் வண்டிக்கு வந்தபோது போனால் போகிறது என்று விட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மா வர மறுத்தாள். “பண்ணாடி ஊட்டுக்கு நம்ம எதுக்குக் கண்ணு காருல?” என்று மூன்று நாள் முனகினாள். தோட்டத்து ஆட்கள் முதலாளியைக் கூப்பிடும் அந்தப் பெயரை அவள் இன்னும் விடவில்லை. கடைசியில் மகள் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் ஏறினாள். சிங்காநல்லூரிலிருந்து இங்கே வரும் வரை சீட்டின் நுனியில், இறங்கத் தயாராக இருப்பவள் மாதிரியே உட்கார்ந்து வந்தாள்.

இப்போது போர்ட்டிகோவிலிருந்து சபரீஷ் ஓட்டமும் நடையுமாக வந்தான். அவனுடைய கார் உள்ளே கிளம்பத் தயாராக நின்றது. பின் சீட்டில் குத்துவிளக்கும் பால் காய்ச்சப் புதுப் பானையும் தெரிந்தன.

“ஏனுங்க, கேட்டை அடைச்சு நிறுத்திட்டீங்க? நாங்க வெளிய போகோணுங்க.”

“வண்டி நின்னுபோச்சுங்க. பெல்ட் அறுந்திருச்சு.”

“அட கெரகமே” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் பின்னாலேயே கந்தப்பன் வந்தார். எழுபத்தைந்தை நெருங்கிய உடம்பு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் பார்வை ஆட்கள் மேல் விழவில்லை. வண்டி மேல்தான் விழுந்தது. “அட, நம்ம வண்டி!” என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து, மாட்டைத் தடவுவது போலப் பானெட்டைத் தடவினார். அப்புறம்தான் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

“ஆரு, பழனியா? நீயா? நல்லாருக்கியா கண்ணு?”

அம்மாவின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனதைக் கிருபா பார்த்தாள். முப்பது வருஷத்தில் பண்ணாடி நிற்கும்போது அவள் உட்கார்ந்திருந்ததே இல்லை. அதைப் பார்த்ததும் கிருபாவுக்குத் தாளவில்லை. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் இனி உதவாது. நின்றுபோன வண்டியை வைத்துக்கொண்டு ‘எங்ககிட்ட வண்டி இருக்குது’ என்று சொன்னால் நாய் கூடச் சிரிக்கும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

“எங்கப்பாவைப் பாம்பு கடிச்சன்னிக்கு இந்த வண்டியத்தானுங்க கேட்டு வந்தோம்.”

கந்தப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்து, கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு தலையாட்டினார். “சென்னியப்பன்! பாவம், நல்ல உழைப்பாளி. நாந்தானே அன்னிக்கு ஆட்டோவுக்குப் போன் போட்டேன்? ரெண்டு தடவ போட்டேன். நம்மளால ஆனதச் செஞ்சோம். அவன் நேரம், என்ன பண்றது.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒன்பது வருஷமாக அந்த மனுஷர் மனசில் அது தான் செய்த ஒரு நல்ல காரியமாகவே இருந்திருக்கிறது. அந்த நிமிஷம் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கிருபாவின் கால் எந்தப் பெடலை மிதித்திருக்கும் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அது யார் செய்த புண்ணியமோ, வண்டி செத்துக் கிடந்தது.

சபரீஷுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. “அப்பா, பன்னண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள பால் காய்ச்சோணும். அய்யர் அங்க வந்து உக்காந்தாச்சு. கேட்டைப் பூட்டோணும், இத உள்ள உட முடியாது. ரோட்டு மேல தள்ளி ஓரமா உட்டுட்டு நாம போலாம்.” கிருபாவிடம் திரும்பி, “நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சுக்கங்க. அவங்கள எறங்கச் சொல்லுங்க. கனம் கொறையும்” என்றான்.

அம்மாவின் கை இன்னும் கதவுப் பிடியில்தான் இருந்தது. இறங்கிவிடுவாள் என்று கிருபா நினைத்தாள். இறங்கி, இடுப்பை வளைத்து, கும்பிட்டுக்கூட வைப்பாள். ஆனால் பழனியாத்தாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் எறங்கலீங்க.”

“ஏனுங்கம்மா?”

அவள் சபரீஷைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கந்தப்பனைப் பார்த்துத்தான் சொன்னாள். “அன்னிக்கு ஏறக்கூடாதுன்னீங்க. இன்னிக்கு எறங்கச் சொல்றீங்க. நான் எறங்கலீங்க.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கந்தப்பன் பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தோட்டத்துப் பக்கம் பார்த்தார். கூப்பிட ஆள் வேண்டுமே. தோட்டம் குத்தகைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பழைய ஆட்களெல்லாம் சூலூர்த் தறிக்கும் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். தென்னை மரங்கள்தான் நின்றன.

சபரீஷ் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்து பானெட்டில் கை வைத்துத் தள்ளினான். ரோடு போடப் போட மேலே உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிப் போயிருந்தது. வண்டி பின்பக்கமாக அந்தச் சரிவில் ஏற வேண்டும். ஒரு சாண் ஏறியது, பிறகு அவனையே தள்ளிக்கொண்டு இறங்கியது. மறுபடியும் ஏற்றினான். மறுபடியும் இறங்கியது. கிருபா ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். போன் விடாமல் அடித்தது.

“அப்பா, நீங்களும் ஒரு கை குடுங்க. வேற வழியில்லே.”

கந்தப்பன் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிச் செருகினார். பழனியாத்தாளுக்கு நேர் எதிராக வந்து, இரண்டு கைகளையும் பானெட்டில் ஊன்றிக் குனிந்தார்.

கிருபா ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். முழுசாக இறக்கவில்லை. இரண்டு பல் அளவுக்குப் பிடிப்பை மிச்சம் வைத்தாள். வண்டி முனகிக்கொண்டு ஒரு விரற்கடை நகர்ந்தது.

“பிரேக்கை நல்லா உட்டுட்டீங்களா?” என்று கத்தினான் சபரீஷ்.

“உட்டாச்சுங்க” என்றாள் கிருபா, அத்தனை மரியாதையாக.

கந்தப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து, பிறகு கறுத்தது. தள்ளத் தள்ளத் தலை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் முகமே தெரியவில்லை. உச்சியில் வழுக்கையும் அதைச் சுற்றி நரையும்தான் கண்ணாடிக்கு நேராகத் தெரிந்தன. அவர் மூச்சு வாங்குவது உள்ளே வரை கேட்டது. கிருபாவுக்கு அது கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பழனியாத்தாள் மகளின் இடது கையைக் கவனித்துவிட்டாள். “அதென்ன கண்ணு, கையில புடிச்சிருக்கறே?”

“பிரேக்கும்மா.”

“அத உட்டா?”

“சுளுவா ஏறிரும்.”

பழனியாத்தாள் திரும்பி முன்னால் பார்த்தாள். குனிந்திருந்த அந்தத் தலையை வெகுநேரம், அவசரமே இல்லாமல் பார்த்தாள். கோபம் என்று சொல்லும்படி முகத்தில் எதுவும் இல்லை. கிருபா பிடியைத் தளர்த்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவின் வாயையே பார்த்திருந்தாள்.

“மெதுவாவே போகட்டும் கண்ணு” என்றாள் பழனியாத்தாள். “நமக்கென்ன அவசரம்.”

பிறகு அன்றைக்கு முதல் தடவையாக முதுகை முழுசாகச் சாய்த்து உட்கார்ந்தாள். வண்டி விரற்கடை விரற்கடையாகப் பின்னால் ஏறியது. கந்தப்பனின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாகப் பானெட்டில் விழுந்து, மினுமினுக்கும் அந்தப் பாலிஷில் ஒட்டாமல் வழுக்கி, அவர் கால்மாட்டிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.