ஐந்து பேருக்கும் ஒரே சுண்டுவிரல்

வரலாற்றில் இடம்பிடித்த ஐந்து பெண்களுக்கும் இடது கைச் சுண்டுவிரல் ஒரே பக்கமாகக் கோணியிருக்கிறது என்பது சிற்பிக்குத் தெரியவந்தபோது, சிலைக்கூடத்தின் திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதுவும் அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏணிமேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், "ஏம்மா, இவங்க அஞ்சு பேரும் அக்கா தங்கச்சிங்களா?" என்று கேட்டுவைத்தார்.

சிற்பி திரும்பிப் பார்த்தாள். முதல் பெண் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்திருந்தார், சுண்டுவிரல் கோணல். முதல் விமானியின் கை தலைக்கவசத்தின் மேல், சுண்டுவிரல் கோணல். மொட்டை மாடியில் உட்கார்ந்து நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தவர், தனி ஆளாகப் பத்திரிகை அச்சடித்தவர், ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பாலத்தைக் கட்டிய எஞ்சினியர், அத்தனை பேருக்கும் அதே கதி.

அந்தக் கோணலின் சொந்தக்காரி ஜன்னலோரம் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் சிற்பியின் நாத்தனார்.

நடந்தது இதுதான். பட்டறையில் சிலைகளின் முகத்தைச் சிற்பி களிமண்ணில் பிடிப்பாள். கையை மட்டும் உயிருள்ள கையிலிருந்து அச்சு எடுப்பாள். அப்போதுதான் நரம்பும் ரேகையும் பேசும் என்பது அவள் கட்சி. ஆனால் அச்சுமாவுக்குள் கையை விட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார எவருக்குப் பொறுமை இருக்கிறது? வீட்டுக்காரருக்கு உடனே மூக்கு அரிக்கும். நாத்தனாருக்கோ வாய்தான் ஓயாதே தவிர, கை கல் மாதிரி இருக்கும். டாக்டருக்கு அவள் கை, விமானிக்கும் அவள் கை. ஒருவருக்குச் சுருக்கம் சேர்த்தாள், ஒருவருக்கு நகத்தில் மை பூசினாள், எல்லாம் செய்தாள். பள்ளிக்கூடத்தில் பந்து பிடிக்கப்போய் நாத்தனார் ஒடித்துக்கொண்ட அந்த விரலை மட்டும் மறந்தே போனாள். தினமும் தட்டை நீட்டுகிற விரல், தலைபின்னி விடுகிற விரல். வீட்டில் பழகிப்போன கோணல் கண்ணுக்குக் கோணலாகவா தெரியும்?

"எல்லாருக்கும் கையுறை மாட்டிவிட்ருவோமா அண்ணி?"

"அச்சுக்கூடத்துல யாருடி கையுறை போட்டுக்கிட்டு வேலை செய்வா?"

"அப்ப அஞ்சு பேர் கையிலயும் ஆளுக்கொரு பூச்செண்டு..."

"வாயை மூடு!" என்று கத்திய சிற்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காரணம் இருந்தது. பாலம் கட்டியவரின் மகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வந்து பார்த்து 'சரி' என்று சொன்னால்தான் அந்தச் சிலை கூடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் நேரே கிடங்குக்கு. முன்பு இரண்டு சிற்பிகள் செய்துகொடுத்த சிலைகள் அங்கேதான் தூசி தின்கின்றன. ஒருவர் எஞ்சினியரம்மாவை சினிமாக் கதாநாயகி ஆக்கியிருந்தார். இன்னொருவர் கையில் பூக்கூடை கொடுத்திருந்தார். நம் சிற்பி சின்ன வயதில் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனாள். அதைக் கட்டியது ஒரு பெண் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு தெரிந்த அன்று வந்த கோபத்தில்தான் இந்த வேலையையே கேட்டு வாங்கினாள்.

தலைமையாசிரியைகள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்? அதற்கும் முன்னாலேயே வந்து நிற்பார்கள். டீச்சரம்மா கைத்தடியோடு உள்ளே வந்தார். சிலையின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா," என்றார், மெதுவாக.

சிற்பிக்குப் போன உயிர் திரும்பியது. அடுத்த நொடியே மறுபடியும் போனது, ஏனென்றால் டீச்சரம்மா அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். விரல்களைத் தடவினார். புருவம் ஏறியது. தடியை ஊன்றிக்கொண்டு டாக்டரிடம் போனார், விமானியிடம் போனார், வரிசையில் ஒருவரையும் விடவில்லை. பரீட்சை ஹாலில் காப்பி அடித்த ஐந்து பேரைப் பிடித்தவர் மாதிரி திரும்பினார்.

"யாரோட கை இது?"

நாத்தனார் பிஸ்கட்டோடு கையைத் தூக்கினாள். "என்னோடதுதான் டீச்சர்."

டீச்சரம்மாவின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்துச் சிற்பி கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தால், மனுஷி விழுந்து விழுந்து சிரிக்கிறார்! அந்தச் சிரிப்பு எலெக்ட்ரீஷியனுக்குத் தொற்றி, ஏணி ஆடியது.

"இவங்க போட்டோ ஒண்ணுலகூடக் கை இல்ல டீச்சர்," என்றாள் சிற்பி. பேசப் பேச அவளுக்கு ஆத்திரம் வந்தது. "டாக்டரம்மா கையை நாற்காலி மறைக்குது. நட்சத்திரக்காரம்மாவைக் கழுத்தோட வெட்டிட்டாங்க. உங்கம்மா பாலத்துமேல கடைசி வரிசையில நிக்கிறாங்க, முன்னாடி நிக்கிற ஆம்பளைங்க தோளுக்கு நடுவுல முகம் மட்டும் தெரியுது. அவ்வளவும் செஞ்ச கையை ஒருத்தனும் படம் எடுக்கலயே!"

டீச்சரம்மா கண்ணைத் துடைத்தார். தன் இடது கையை நீட்டினார். சின்னக் கை, கட்டைவிரல் மட்டும் அகலம். "வேற எதையும் எடுத்துக்காம என் கையை மட்டும் எடுத்துக்கிட்டியேன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. அச்சு எடு. சாயங்காலம் நான் ஊருக்குப் போகணும், இப்பவே எடு. இந்தக் கை வந்து சேரும்னா, அம்மா இங்கேயே நிக்கட்டும்."

அச்சுமாவுக்கு எங்கே போவது? நாத்தனார் எதிர்ச்சாரியில் இருந்த பல் டாக்டரிடம் ஓடினாள். பல் அச்சு எடுப்பதும் அதே மாவில்தானே. "எத்தனை பல்லுக்கு?" என்று அவர் கேட்க, "அஞ்சு விரலுக்கு!" என்று மூச்சிரைக்கச் சொல்லி, இருந்த பொட்டலம் அத்தனையும் வாரிக்கொண்டு வந்தாள். துடைக்கிற வாளியைக் கழுவி மாவைக் கரைத்தார்கள். டீச்சரம்மா கையை உள்ளே விட்டார்.

விட்டாரோ இல்லையோ, வாசலில் மேயரின் கார் வந்து நின்றது.

ரிப்பன் வெட்ட வேண்டியவர் டீச்சரம்மா. அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது. மேயருக்கு வேறு விழாவுக்கு நேரமாகிவிட்டதாம். உதவியாளர் கதவுக்கு வெளியே நின்று குதித்துக்கொண்டிருந்தார். மாவோ இன்னும் இறுகவில்லை.

"சிரிக்காதீங்க டீச்சர், விரல் ஆடுது! வேற மாவும் கிடையாது!"

"என்னால முடியலடி," என்று உதட்டைக் கடித்த டீச்சரம்மா, நாத்தனாரைப் பார்த்துத் தடியை நீட்டினார். "நீ போ. நீ போய் வெட்டு."

"நானா? நான் யாரு டீச்சர், நான் என்ன செஞ்சேன்?"

"இத்தனை நாள் அஞ்சு பேருக்கும் கை கொடுத்தது யாரு? போடி!"

நாத்தனார் புடவையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுப் போனாள். வாளியை அணைத்தபடி மண்டிபோட்டிருந்த சிற்பிக்குத் திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. மேயர் பக்கத்தில் நின்றார். நாத்தனார் வலது கையில் கத்தரிக்கோலை எடுத்தாள், இடது கையால் ரிப்பனை இழுத்துப் பிடித்தாள். சுண்டுவிரல் தன் பாட்டுக்குத் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கி, மேயர் முகத்துக்கும் அவள் முகத்துக்குமாகக் குறிபார்த்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்றாள் நாத்தனார். கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "என் மூஞ்சி விழலேன்னாலும் பரவாயில்ல. கை விழுதான்னு பாருங்க."