வாங்கப் பழகாத கை

இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றிவிட்டது. கிணறு அடிவரை வற்றிப்போன பிறகு, எண்பத்து மூன்றில், சகாதேவன் கீழ்பென்னாத்தூரில் இருந்த நிலத்தை அப்படியே போட்டுவிட்டு மனைவி உண்ணாமலையோடு திருவண்ணாமலைக்கு வந்தான். தெரிந்தவர் சொல்லி, தேரடித் தெருக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. ஃபேன், மிக்சி, கிரைண்டர், வசதியானவர்களுக்கு ஃபிரிட்ஜ் என்று விற்கிற கடை. விற்ற சாமானை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் கொண்டுபோய் வீட்டில் இறக்கி வைப்பதுதான் வேலை. கூட்டாளி வேணு வயதில் சின்னவன், தொழிலில் மூத்தவன்.

முதல் வாரமே செங்கம் ரோட்டில் ஒரு பேங்க்காரர் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் போனது. குறுகலான மாடிப்படியில் சுவரில் உரசாமல் ஏற்றி வைப்பதற்குள் இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது. பேங்க்காரர் நல்ல மனுஷர். ஃபேனைப் போட்டுவிட்டார், தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, முன்னால் நின்ற சகாதேவனிடம் நீட்டினார்.

"டீ சாப்புடுங்க."

சகாதேவனின் கை மேலே எழவே இல்லை. "வேணாங்க சார். கடையில சம்பளம் குடுக்குறாங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியிறங்கினான். பேங்க்காரர் நோட்டை மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

தெருமுனை வந்ததும் வேணு வண்டியை ஓரங்கட்டினான்.

"உனக்கு வேணாம்னா சரிண்ணே. எனக்கும் சேத்து ஏன் வேணாம்னு சொன்ன?"

சகாதேவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முதலாளி குடுக்குறது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் பூடுது. புள்ளைங்களுக்கு எதுனா வாங்கிப் போறேன்னா அது இதுலதான். நீ பெரிய மனுசன் மாதிரி கைய ஆட்டிட்டு வந்துட்ட."

அன்று சாயங்காலம் அதை உண்ணாமலையிடம் சொன்னபோது, அவள் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அந்தாளு எதுனா மட்டமாப் பேசினாரா?"

"இல்ல. மரியாதையாத்தான் குடுத்தாரு."

"அப்புறம் இன்னா?"

என்ன என்று அவனுக்குத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை. மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து முடிந்த நாளில் களத்தில் நின்று, கூலிக்கு மேலே ஆளுக்கு ஒரு முறம் அள்ளிப் போட்டவன் அவன். முந்தானையை விரித்து வாங்கியவர்களை அவன் கேவலமாக நினைத்ததில்லைதான். ஆனால் அவர்கள் குனிகிறபோது தனக்குள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததே, அது நினைவிருந்தது. இப்போது எதிரே நிற்கிறவனுக்குள்ளும் அது நிமிரும் அல்லவா? அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

மறுநாள் வேணுவிடம் சமாதானம் பேசினான். "இனிமே நான் பின்னால நின்னுக்கிறேன். குடுக்குறத நீயே வாங்கிக்க. எனக்குப் பங்கு வேணாம்." வேணுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றான்.

கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் சந்திரம்மாள் வீட்டுக்குக் கிரைண்டர் போனது.

சந்திரம்மாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லி விற்கிறவள். வீடு ஒரு சந்துக்குள்ளே இருந்தது. வண்டி நுழையாது. கல்லைத் தனியாகக் கழற்றி, கழியில் கட்டி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தூக்கிப் போனார்கள். மாட்டி முடித்து வேணு சுவிட்சைப் போட்டதும் கல் உறுமிக்கொண்டு சுற்றியது. சந்திரம்மாள் தன் வலது தோளைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்து நின்றாள். பிறகு கிரைண்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு இரண்டு ஒரு ரூபாய் நோட்டு வைத்துக் கொண்டுவந்தாள்.

வேணு தன்னுடையதை எடுத்துக்கொண்டான். தட்டு சகாதேவன் பக்கம் திரும்பியது.

"இருக்கட்டும்மா. நீங்களே தவணையில வாங்கியிருக்கீங்க."

அவள் முகம் வாடிவிட்டது. தட்டை மட்டும் இறக்கவில்லை.

"தவணையில வாங்கினா இன்னாங்க? ஒழுங்கா கட்டத்தான் போறேன்" என்றாள். "ஊரு வூட்ல மாவரைச்சு, பாத்திரம் தேச்சு, அவுங்க குடுக்குற பழைய பொடவையும் மிஞ்சின சோறும் வாங்கித்தான் இத்தினி வருசம் ஓட்டினேன். என் வூட்டுக்குன்னு ஒரு சாமான் வந்து, தூக்கியாந்தவங்களுக்கு என் கையால குடுக்குறது இன்னிக்குத்தான். நீங்க என்னை இல்லாதவள்னு பாக்குறீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப எடுத்துக்கங்க."

சகாதேவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையோடு சேர்த்து எடுத்துக்கொண்டான். தயங்கித் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தான். அவன் பயந்த மாதிரி அங்கே எதுவும் நிமிர்ந்து உட்காரவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம், அவ்வளவுதான். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே அரிசி களையும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

சந்திலிருந்து வெளியே வந்ததும் வேணு கேட்டான், "இன்னாண்ணே, கை சுட்டுச்சா?"

"சும்மா இருடா" என்றான் சகாதேவன். ஆனால் சிரித்துவிட்டான்.

அன்றைக்கு அடுத்த லோடு ஒரு லாட்ஜுக்கு ஃபேன். மாட்டி முடித்ததும் அங்கிருந்த மேனேஜர் கணக்கு எழுதுவதை நிறுத்தாமல், தலையும் நிமிராமல், மேஜை ஓரத்தில் ஒரு நோட்டைத் தள்ளினார். சகாதேவனுக்குச் சுருக்கென்றது. வேணு எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சகாதேவன் முகம் பார்த்துக் கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டான். பாராமல் தள்ளியதை வேணுவுக்கே விட்டுவிட்டான். கொடுக்காதவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். அவர்கள்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"எல்லாம் ஒரே துட்டுதாண்ணே" என்பான் வேணு. "உனக்கு மட்டும் தனிச் சட்டம்."

சகாதேவன் ஏறி உட்கார்ந்து வண்டியை மிதிக்க ஆரம்பிப்பான்.