உட்கார்ந்த வேலை

பைக் சறுக்கியதில் முழங்கால் மூட்டு நழுவி, அதற்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயையும் கிழித்துவிட்டது. வலது பாதம் சில்லிட்டு, மெழுகு நிறத்தில் கிடந்தது. உதவி டாக்டர் விரல் வைத்துப் பார்த்தாள். துடிப்பே இல்லை.

வழி இரண்டு. தொடையில் சின்னத் துளை போட்டு, ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை உள்ளே செலுத்திக் கிழிசலை அடைக்கலாம், சீக்கிரம் முடியும். அல்லது காலைத் திறந்து, மற்றக் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து ஒட்டுப் போடலாம், நேரம் பிடிக்கும். ரத்தம் கிடைக்காத தசைக்கு நேரம்தான் எமன்.

பெரிய டாக்டருக்கு வார்டில் ‘கடிகாரம்’ என்று பெயர்.

“ஆள் என்ன வேலை?”

“உட்கார்ந்த வேலைன்னு சம்சாரம் சொன்னாங்க சார்.”

“அப்புறமென்ன? ஸ்டென்ட்டே போதும். கையெழுத்து வாங்கிட்டு ஓடி வா.”

வெளியே அடிபட்டவரின் மனைவியும் அவள் தம்பியும் நின்றார்கள்.

“காலை எடுத்துட மாட்டீங்களே டாக்டரம்மா?”

“காப்பாத்தத்தான் பார்க்கிறோம். ஆபீஸ் வேலைதானே, மெதுவாப் போய்க்கலாம்.”

“ஆபீஸா?” என்றான் தம்பி. “மச்சான் ஆபீஸ் தரையைத்தான் பார்த்திருக்கார். டைல்ஸ் ஒட்டுறவருங்க. காலையில குத்துக்காலிட்டு உட்கார்ந்தா பொழுது சாயத்தான் எழுந்திருப்பார்.”

“உனக்கு இப்ப கிண்டல் ஒரு கேடா?”

“அழுதா மட்டும் கால் வந்துடுமாக்கா?” அவன் குரல் உடைந்தது.

உட்கார்ந்த வேலை என்றதும் உதவி டாக்டரின் மனம் தானாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டுவிட்டது.

இரண்டு வழிக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினாள். பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“சார், குத்துக்கால்.”

“என்ன உளறல்?”

“டைல்ஸ் ஒட்டுறவர் சார். நாள் முழுக்க முட்டி மடங்கியே இருக்கும். வலை மடிஞ்சு அடைச்சுக்கும். திறந்துடலாமா சார்?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா?” என்றவர், உடனே, “இடது கால்ல சிரையை நீ எடு. இந்தப் பக்கம் நான் திறக்கிறேன். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்,” என்றார்.

சிரைக்குள் ஒரே பக்கம் திறக்கும் கதவுகள் உண்டு. அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். ரத்தம் திரும்பியதும் வீங்கி இறுகப்போகும் கெண்டைக்காலையும் கீறித் திறந்துவிட்டார்கள். ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்வியை எடுத்ததும் சிரை புடைத்தது. பிறகு, பாதத்தில் அவள் விரலடியில் ஒன்று துடித்தது. தன் விரலின் துடிப்போ என்று பயந்து, கையை மாற்றி வைத்துப் பார்த்தாள். துடித்தது.

மறுநாள் மனைவி உள்ளே வந்தாள். “ரெண்டு கால்லயும் கட்டா?”

“ஒரு கால் கொடுத்துச்சு, ஒரு கால் வாங்கிக்கிச்சு,” என்றாள் உதவி டாக்டர்.

“பழையபடி உட்காருவாரா?”

“தசை எவ்வளவு பிழைச்சிருக்குன்னு போகப் போகத்தான்மா தெரியும். சூடு வந்திருக்கு, தொட்டுப் பாருங்க.”

அவள் கட்டிலின் கால்மாட்டில் குத்துக்காலிட்டு அமர்ந்து, பாதத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். உதவி டாக்டரின் கண், மடங்கிய அந்த முழங்காலிலேயே நின்றது.