அச்சைச் சுழற்றிய பிறகு

மீத்தேன் கிணறு தோண்டப்போகும் ஊர்களில் மக்கள் மனநிலையைக் கணக்கெடுக்கும் வேலை, தஞ்சாவூரில் நாகேஸ்வரன் நடத்திய ஆய்வு நிறுவனத்துக்கு அரசிடமிருந்து கிடைத்திருந்தது. ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. அங்கே புள்ளியியல் பார்த்தவள் ஆசியா. ஊர் ஊராகப் போய் வரப்பில் உட்கார்ந்து கேள்வி கேட்டவளும் அவள்தான்.

நாகேஸ்வரன் மென்பொருளில் பல பதில்களை ஒன்றாகச் சுருக்கும் முதன்மைக் கூறு எடுத்துப் பார்த்திருந்தார். எல்லாக் கேள்விகளும் முதல் கூறிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

"பொதுவான மனக்குறைம்மா. தண்ணி வரல, நெல்லுக்கு விலை இல்ல, எல்லாம் ஒண்ணுதான். அப்படியே எழுதிடலாம்."

"அது தப்பு சார். முதல் கூறு முடிஞ்ச அளவு எல்லாத்தையும் வாரி எடுத்துக்கும். அதோட வேலையே அதுதான். பதிலுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியணும்னா காரணிப் பகுப்பாய்வு பண்ணி, கணக்கோட அச்சைச் சுழற்றிப் பாக்கணும்."

அவளே உட்கார்ந்து செய்தாள். சுழற்றியதும், குவியலாகக் கிடந்தது இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர், விலை, உரம் ஒரு பக்கம் சேர்ந்தன. நிலத்தை விடமாட்டேன், இயந்திரம் வந்தால் குறுக்கே நிற்பேன் என்ற பதில்கள் தனியாக இன்னொரு பக்கம். இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து அவள் பார்த்ததில்லை. பூரிப்பாக இருந்தது.

நாகேஸ்வரன் திரையில் அந்த இன்னொரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டாவதுல எந்த ஊரு உசரத்துல நிக்குது?"

"கொத்தங்கரை சார்." யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் செவ்வந்தி போன் செய்தாள். கொத்தங்கரையில் ஆசியாவுக்கு மோர் கொடுத்து, பொறுமையாகப் பதில் சொன்ன விவசாயி. "மதகுகிட்ட போலீஸ் கூடாரம் போட்டிருக்காங்கக்கா. சுத்துப்பட்டுல வேற எந்த ஊருக்கும் போகல. எங்களுக்கு மட்டும் ஏன்னு தெரியல."

ஆசியா நேரே நாகேஸ்வரன் அறைக்குப் போனாள். "ஊர்ப் பேரை அரசாங்கத்துக்கிட்ட சொன்னீங்களா சார்?"

"ஆய்வு அவங்களோடதும்மா." அவர் குரலை உயர்த்தவில்லை. "இப்ப ஆள் வாரியா கேக்குறாங்க. யாரு எவ்வளவு எதிர்ப்புன்னு காரணி மதிப்பெண் ஒவ்வொருத்தருக்கும் வருமில்ல? அதை நம்பலாமா?"

"நம்பலாம், ஆனா..." என்று நிறுத்திக்கொண்டாள். மென்பொருள் அந்த மதிப்பெண்களை ஏற்கெனவே பெயர்களோடு சேர்த்து வைத்திருந்தது. தன் இருக்கைக்கு ஓடிப் போய்ப் பெயர்களை அழித்தாள். திரும்பினால், பின்னால் அவர்.

"அழிச்சுக்க. காலையிலயே பிரதி போயிடுச்சு. நம்பலாம்னு உன் வாயால கேக்கணும்னுதான் கேட்டேன்."

மதிப்பெண்ணில் முதலில் நின்றவள் செவ்வந்தி. ஆசியா தெருவுக்கு வந்து அவளை அழைத்தாள்.

"உடனே கிளம்புங்க செவ்வந்தி. நாகப்பட்டினத்துல எங்க மாமி வீடு இருக்கு."

"நாத்து பறிச்சுக் கட்டி வச்சிருக்கேன்க்கா. இன்னைக்கு நடாட்டி வாடிப்போயிடும்." அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. "யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. இருங்க, பாத்துட்டு வரேன்."

போனை அணைக்காமல் வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். ஆசியாவுக்கு வாய்க்கால் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.