ஆட்சேபக்காரி

முதல் ஆட்சேபம் உண்மையான கோபத்தில் எழுதியது. அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றப் பத்தும் அப்படியல்ல.

என் கணவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பொழுது போகாமல் நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். அதில் அறுபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, புருஷன் செத்த மறுமாதமே சிவப்புச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நீச்சல் கற்கப் போகிறாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் அறுபத்திரண்டுதான். நான் இன்னும் அவருடைய சட்டைகளை அலமாரியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? நேரே போய் நூலகரின் மேசைமேல் புத்தகத்தைப் போட்டேன்.

"இந்த மாதிரி புத்தகத்தையெல்லாம் எதுக்கு மேடம் வாங்கி வைக்கிறீங்க?"

நூலகர் என்னைவிட இருபது வயது சின்னவர். என் சத்தத்துக்கு அசரவில்லை. இழுப்பறையைத் திறந்து இரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுங்கம்மா. குழு கூடும், உங்களையும் கூப்பிட்டுக் கேப்போம். நாலாவது கேள்விய மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

நாலாவது கேள்வி இதுதான்: நூலை முழுவதும் படித்தீர்களா? 'இல்லை' என்றால் படிவம் செல்லாது. ஆட்சேபம் சொல்ல வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இடத்திலேயே கழன்றுகொள்வார்களாம். நான் கோபத்தில் இரண்டு தடவை படித்திருந்தேன்.

குழு என்றால் மூன்று பேர். நூலகர், ஒரு பல் டாக்டர், ஒரு தலைமையாசிரியை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருக்கும் அறையில் கூடுவார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். "சொல்லுங்கம்மா" என்றார் தலைமையாசிரியை. சொன்னேன். நாற்பது நிமிடம் சொன்னேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பல் டாக்டர் கேட்டார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அதான் கோவம். தெரிஞ்சிருந்தா புக்கு நல்லாருக்குன்னு ஒரு ஃபாரம் எழுதியிருப்பீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு என் சிரிப்பை நானே கேட்டேன். பிறகு மூவரும் கூடிப் பேசி என் ஆட்சேபத்தை நிராகரித்தார்கள். தோற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன். ஆனால் பாதி வழியில் கவனித்தேன், எனக்குத் துளி வருத்தம் இல்லை.

நான் பேசிப் பிழைத்தவள். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாருடைய பை எங்கே கிடைத்தது, எந்தக் குழந்தை அப்பாவைத் தேடி அழுகிறது, எல்லாம் என் வாயிலிருந்துதான் ஊருக்குப் போகும். மைக்கம்மா என்றால் தெரியாதவர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கேட்க இருந்தது கணவர் ஒருவர். அவரும் 'உம்' கொட்டுவதோடு சரி, ஆனால் கொட்டுவார். அதற்குப் பிறகு மகள்தான். தூர தேசத்திலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வைத்துவிடட்டுமா. அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு ஆயிரம் வேலை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். என் வீட்டுச் சுவர்களுக்கு அதுவும் இல்லை. சில நாள் சாயங்காலம் தொண்டையைக் கனைத்துப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று.

அடுத்த மாதமும் ஒரு ஆட்சேபம் கொடுத்தேன். இந்தத் தடவை தேடிப் பிடித்தது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஒரு சமையல் புத்தகத்தில் ஆசிரியர் தன் மாமியாரைக் கிண்டல் செய்யும் வரியைக் கண்டுபிடித்தேன். அதற்கடுத்து, பேருந்துப் பயணத்தைக் கேவலமாகப் பேசும் ஒரு பயண நூல். அதில் கொஞ்சம் நிஜக் கோபமும் இருந்தது. எல்லாப் படிவத்திலும் பக்க எண், வரி எண், காரணம் எல்லாம் அச்சடித்ததுபோல் எழுதுவேன். நாற்காலி, டீ, நாற்பது நிமிடப் பேச்சு. கடைசியில் நிராகரிப்பு. நான் பேசின திருப்தி எனக்கு, அலமாரிக்குத் திரும்பின நிம்மதி புத்தகத்துக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், என்னால் புத்தகங்களுக்கு நல்லதுகூட நடந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை நூலகர் 'படிக்கும் உரிமை வாரம்' நடத்துவார். யாராவது ஆட்சேபித்த புத்தகங்களையெல்லாம் ஒரு நீள மேசையில் அடுக்கி, என்ன ஆட்சேபம் என்று ஒரு அட்டையில் எழுதி வைப்பார். அப்படி ஒரு தடவை அந்த மேசை முழுக்க நான் ஆட்சேபித்தவைதான். ஜனங்கள் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் தூண் பக்கத்தில் நின்று, சம்பந்தமே இல்லாதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீச்சல்காரியின் நாவலை அதற்குள் நானே நான்கு தடவை எடுத்துப் படித்துவிட்டேன். அவள்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அவள் மிதக்கும் பக்கம் வந்தால் மெதுவாகப் படிப்பேன், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று.

பதினோராவது ஆட்சேபத்துக்கு ஒரு குழந்தைப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போகாமல் நாள் முழுக்க ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிவரை யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. அதுதான் என் ஆட்சேபம். எழுதும்போதே சிரிப்பு வந்தது. பல் டாக்டர் இதற்கு என்ன சொல்வார் என்று வீட்டிலேயே பேசிப் பார்த்துவிட்டுப் போனேன்.

போனால், தலைமையாசிரியை இருந்த இடத்தில் வேறொருவர். ஓய்வு பெற்ற பதிவாளராம். மேலிடம் அனுப்பிய புதுத் தலைவர். இனிமேல் தலைவர் சொல்வதே முடிவு, மற்ற இருவரும் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான் என்று உத்தரவும் வந்திருந்தது. டீ இல்லை. நான் பேசத் தொடங்கி நாலு வாக்கியம்கூட ஆகவில்லை, கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க கஷ்டப்பட வேண்டாம்மா. எழுதினதே தெளிவா இருக்கு. தப்பு செஞ்ச பிள்ளைக்குத் தண்டனையே இல்லாத கதை பிள்ளைங்க கைக்குப் போகலாமா? எடுத்துரலாம்."

"அதுல தப்பு ஒண்ணும் இல்ல சார்" என்றார் பல் டாக்டர். "அந்தப் பொண்ணு ஆத்தைப் பாத்துட்டு இருந்தா, அவ்வளவுதான்."

"உங்க கருத்தைக் குறிச்சுக்கறேன்" என்ற தலைவர், என் பழைய படிவங்கள் இருந்த கோப்பை முன்னால் இழுத்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "இத்தனை வாசகர்ல பொறுப்பாப் படிச்சவங்க இந்தம்மா ஒருத்தர்தான். பத்தையும் ஏன் நிராகரிச்சீங்க? பதினொண்ணையும் சேத்து எடுத்துரலாம்."

கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"அப்போ அடுத்த மாசக் கூட்டம்?"

"இனிமே நீங்க வரணும்னே இல்லம்மா. ஃபாரத்தத் தபால்ல போட்டாப் போதும்."

நுணலும் தன் வாயால் கெடும். நான் என் வாயால் பதினோரு புத்தகத்தைக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை போனபோது அவற்றைச் சணல் கயிற்றால் கட்டி, பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். நீச்சல்காரி அடியில் இருந்தாள். நூலகர் என்னைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தபடி பேசினார்.

"பத்து நாள்ல வண்டி வரும். காகித ஆலைக்குப் போயிரும்."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"ஒன்பதாவது விதி இருக்கு. ஆட்சேபிச்சவங்க ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டா புத்தகம் அலமாரிக்குப் போயிரும், தலைவரால தடுக்க முடியாது. ஆனா உண்மையான காரணத்தை உங்க கையால எழுதணும். அதை ஏழு நாள் போர்டுல குத்தி வைப்போம். அப்புறம் மூணு வருஷத்துக்கு நீங்க ஆட்சேபம் போட முடியாது. யோசிச்சுச் செய்ங்க" என்றார்.

'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே தலைவரிடமிருந்து திரும்பி வந்தது. இது போதாது, வாசகரை யாராவது மிரட்டியிருந்தால் அதையும் குறிப்பிடலாம் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மிரட்டினார்கள் என்று எழுதினால் நூலகர் தலை உருளும். கண் சரியாகத் தெரியவில்லை, தவறாகப் படித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். பக்க எண்ணும் வரி எண்ணும் பதினோரு இடத்தில் சரியாக இருக்கின்றன, யார் நம்புவார்கள்? ஞாபகமறதி என்று எழுதினால் சேதி எப்படியோ மகள் காதுக்குப் போய், அடுத்த வாரமே என்னை ஏதாவது விடுதியில் சேர்க்கப் பேசுவாள்.

மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதை எழுதுவதற்குப் பதில் சாலையில் புரண்டு அழலாம் என்றிருந்தது. அந்த அறிவிப்புப் பலகை செய்தித்தாள் படிக்கும் கூடத்தில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த கண்டக்டர்கள் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மாடிவீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் எல்லோரிடமும் என் மகள் என்னை ராணி மாதிரி வைத்திருக்கிறாள், தினம் மணிக்கணக்கில் பேசுகிறாள் என்று அளந்து வைத்திருக்கிறேன். இரண்டு நாள் பேனாவைத் திறந்து மூடினேன். மூன்றாம் நாள், நீச்சல்காரி கூழாகப் போவதை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினேன்.

'இந்தப் பதினோரு நூல்களிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் நூலின்மேல் நான் கொண்டது கோபம் என்று நினைத்தேன், அது பொறாமை. மற்றவற்றை ஆட்சேபித்த காரணம், மாதம் ஒரு முறை மூன்று பேர் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்பார்கள் என்பது. வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை.'

தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடிவிட்டு, முத்திரை குத்தி நூலகர் பக்கம் தள்ளினார். வெளியே படிக்கட்டில் பல் டாக்டர் எனக்காகக் காத்திருந்தார்.

"மூணு வருஷம் யார்கிட்டம்மா பேசப் போறீங்க?"

"உங்ககிட்டப் பல்லைக் காட்ட வர்றேன்."

"வாங்க. ஆனா அங்க வாயைத் திறந்தா நான்தான் பேசுவேன்" என்றார். சிரித்தேன். அவர் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை என் கையெழுத்தைப் பலகையில் குத்தினார்கள். ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் யார் யார் படிக்கிறார்கள் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை. அதனால் பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர்கள் வந்தார்கள். விளையாட்டுப் பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாடிவீட்டுக்காரர் ஒருவர் பலகையை நோக்கி நேராக வந்தபோது செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அவர் என் காகிதத்துக்குப் பக்கத்துக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வியாழக்கிழமை லீவாம்மா?"

"இல்லீங்க. திறந்திருக்கும்."

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. சனிக்கிழமை படிக்கும் உரிமை வாரம் தொடங்கியது. பலகைக்கு எதிரேயே மேசை போட்டு, பதினோரு புத்தகத்தையும் அட்டைகளோடு அடுக்கினார்கள். கூட்டம் தாங்கவில்லை. எல்லோரும் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நீச்சல்காரி அரைமணி நேரத்தில் போய்விட்டாள். நரைத்த தலைக்காரி ஒருத்தி நின்றபடியே நாலு பக்கம் படித்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனாள். தண்டனை இல்லாத கதையை ஒரு சிறுமி எடுத்தாள். அவள் அம்மா பாதையைப் பார்த்துக் கையைப் பிடித்து இழுக்க, அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே நடந்தாள். இவற்றையா நான் கொல்லப் பார்த்தேன்?

ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்கு, கூடம் காலியான பிறகு, நூலகர் பலகைக்கு வந்தார்.

"யாராவது ஏதாவது கேட்டாங்களாம்மா?"

ஏழு நாளும் திறந்ததிலிருந்து மூடும்வரை நான் அந்த நாற்காலியில் இருந்தேன். ஒருவர்கூட நின்று படிக்கவில்லை.

"இல்ல மேடம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று முதல் ஊசியைப் பிடுங்கினார். காகிதம் ஒரு பக்கம் சரிந்தது. இரண்டாவது ஊசியில் கை வைத்தபோது நான் எழுந்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே மேடம்."